தமிழ்நாடு மீன் வரத்தில் நம்பர் 1-ஆ, 2-ஆ? கடலே இல்லாத கள்ளக்குறிச்சி வரை விலையை ஏற்றி இறக்கும் கணக்கு

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. ஆனால் 2019 நவம்பர் 26 வரை இருந்தது! அன்றுவரை இது விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. மரக்காணம் கடற்கரையும் அதே மாவட்டம்தான். பிரித்தபோது கடல் அந்தப் பக்கம் போனது, கல்வராயன் மலை இந்தப் பக்கம் வந்தது. மீன் குழம்பு மட்டும் எந்தப் பக்கமும் போகவில்லை.

கடலூர் துறைமுகத்தில் இருந்து கள்ளக்குறிச்சிக்குச் சாலை வழியே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். விடியற்காலை ஏலத்தில் எடுத்த மீன், ஐஸ் பெட்டியில் ஏறி, உளுந்தூர்பேட்டை வழியாகக் கடைக்கு வந்து சேரும்போது வாடிக்கையாளர் கேட்கும் முதல் கேள்வி: "போன வாரம் ஒரு ரேட்டு, இந்த வாரம் ஒரு ரேட்டா?"

கடைக்காரர் சொல்லும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "வரத்து கம்மிங்க."

அந்த 'வரத்து' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கணக்கு இருக்கிறது. நாடு முழுக்க எந்தத் துறைமுகத்தில் எந்த மீன் எத்தனை டன் இறங்கியது என்று ஒவ்வோர் ஆண்டும் வெளியாகும் கணக்கு அது. 'தமிழ்நாடு முதலிடம்', 'மீன் வரத்து சரிவு' என்று செய்திகளில் வருவதெல்லாம் அதிலிருந்துதான். அதை எப்படிப் படிப்பது?

கடலில் பிடித்ததா, கரையில் இறக்கியதா?

முதலில் ஒரு வித்தியாசம். இந்தக் கணக்கு கடலில் பிடிபட்ட மீனின் கணக்கு அல்ல. கரையில் இறங்கிய மீனின் கணக்கு. வலையில் சிக்கி, விலை போகாது என்று நடுக்கடலிலேயே கொட்டப்படும் மீன் இதில் வராது.

இன்னொன்று, மீன் எந்த மாநிலத்தில் இறங்குகிறதோ அந்த மாநிலத்தின் கணக்கில்தான் ஏறும். பிடித்தவர் எந்த ஊர்க்காரர் என்பது பொருட்டே இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் தூத்தூர் பகுதி மீனவர்கள் ஆழ்கடலில் சுறா, சூரை பிடிப்பதில் பேர்போனவர்கள். அவர்களில் பலர் கொச்சித் துறைமுகத்தில்தான் மீனை இறக்குகிறார்கள். உழைப்பு தமிழ்நாட்டுக்காரருடையது, டன் கேரளாவுக்கு!

யார் எண்ணுகிறார்கள்?

மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். சுருக்கமாக சி.எம்.எஃப்.ஆர்.ஐ. 1947 பிப்ரவரி 3ஆம் தேதி தொடங்கப்பட்ட இதன் தலைமையகம் இப்போது கொச்சியில் இருந்தாலும், முன்பு இருந்தது ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில்.

நாட்டின் கடற்கரையில் 1,200க்கும் மேற்பட்ட மீன் இறங்குதளங்கள் இருக்கின்றன. காசிமேடு மாதிரி பெரிய துறைமுகமும் உண்டு, நாலு பைபர் படகு மட்டும் வந்து ஒதுங்கும் மணல்மேடும் உண்டு. எல்லா இடத்திலும் எல்லா நாளும் ஆள் நிறுத்தி எடை போட முடியாது. அதனால் மாதிரிக் கணக்கெடுப்பு.

முறை இதுதான். மாதத்தைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்து, ஒரு தளத்துக்கு அடுத்தடுத்த இரண்டு நாட்களைக் குலுக்கல் போலத் தேர்வு செய்கிறார்கள். கணக்கெடுப்பாளர் முதல் நாள் நண்பகலில் இருந்து மாலை 6 மணி வரை தளத்தில் நிற்பார். இடைப்பட்ட இரவில் என்ன வந்தது என்று விசாரித்துக் குறித்துக்கொள்வார். மறுநாள் காலை 6 மணி முதல் நண்பகல் வரை மறுபடி நிற்பார். படகுகள் குறைவாக இருந்தால் எல்லாவற்றையும் பார்ப்பார். அதிகமாக இருந்தால் இத்தனைக்கு ஒன்று என்று பார்ப்பார். அதிலிருந்து மாவட்டம், மாநிலம், நாடு என்று கணக்கு பெரிதாகிறது.

எனவே இது துல்லியமான எடை இல்லை, மதிப்பீடு. ஆனால் பல பத்தாண்டுகளாக ஒரே மாதிரியான முறையில் எடுக்கப்படுவதால், ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க இதைவிட நல்ல கணக்கு நாட்டில் இல்லை.

இங்கே ஒரு குழப்பம் வரும். மத்திய மீன்வளத் துறை வெளியிடும் கணக்கில் கடல் மீன் உற்பத்தி இன்னும் அதிகமாக இருக்கும். 2022-23ஆம் நிதியாண்டுக்கு அது 44.32 லட்சம் டன். அதே காலத்துக்குச் சற்று முன்பின்னாக, 2022ஆம் ஆண்டுக்கு சி.எம்.எஃப்.ஆர்.ஐ. சொன்னது 34.9 லட்சம் டன். ஒன்று மாநில அரசுகள் கொடுக்கும் கணக்கின் தொகுப்பு; அந்தமான், லட்சத்தீவும் அதில் சேரும். இன்னொன்று நிலப்பரப்பின் கரையோரத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் மாதிரிக் கணக்கெடுப்பு. ஒரு ஆண்டுக்கு இதையும் மறு ஆண்டுக்கு அதையும் எடுத்து ஒப்பிட்டால், மீனே பிடிக்காமல் பத்து லட்சம் டன் கூட்டிக் காட்டலாம். வாட்ஸ்ஆப்பில் சுற்றும் சில 'சாதனை' படங்கள் அப்படித்தான் உருவாகின்றன.

பன்னிரண்டு ஆண்டில் என்ன ஆனது?

2012இல் 39.4 லட்சம் டன். அதுதான் உச்சம். அதற்குப் பிறகு அந்த அளவை நாடு தொடவே இல்லை.

2015இல் 34 லட்சமாக இறங்கி, 2017இல் 38.3 லட்சமாக ஏறி, 2018இல் மறுபடி 34.9 லட்சத்துக்கு வந்தது. 2020இல் 27.3 லட்சம். கொரோனா ஊரடங்கில் படகுகள் கட்டிக் கிடந்த ஆண்டு என்பதால் காரணம் தேட வேண்டியதில்லை. 2021இல் 30.5 லட்சம், 2023இல் 35.3 லட்சம், 2024இல் 34.7 லட்சம்.

அதாவது ஏறத்தாழ 35 லட்சம் டன் என்ற மட்டத்தில் நிற்கிறது. படகுகளின் குதிரைத்திறன் கூடியிருக்கிறது, ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் வந்துவிட்டது, ஒரு பயணத்துக்கு ஆகும் டீசல் செலவும் கூடியிருக்கிறது. கரைக்கு வரும் மீன் மட்டும் கூடவில்லை. உலக நிலவரமும் இதேதான்: கடல், ஆறு, ஏரியில் பிடிக்கப்படும் மீன் 1980களின் கடைசியில் இருந்தே ஆண்டுக்கு 9 கோடி டன்னைச் சுற்றித்தான் நிற்கிறது.

நம்பர் 1 யார்?

2019இல் தமிழ்நாடு முதலிடம், 7.75 லட்சம் டன். வழக்கமாக முன்னால் நிற்கும் குஜராத் அந்த ஆண்டு 7.49 லட்சத்தோடு இரண்டாவது. 2022இல் மறுபடி தமிழ்நாடு, 7.22 லட்சம் டன். 2023இல் குஜராத் 8.23 லட்சம் டன்னோடு மேலே போனது. தமிழ்நாடு முதல் மூன்று இடங்களில்கூட இல்லை. 2024இல் குஜராத் 7.54 லட்சம், தமிழ்நாடு 6.79 லட்சம், கேரளா 6.10 லட்சம்.

2024 அறிக்கை வந்தபோது 'தமிழ்நாட்டில் 20 சதவீதம் அதிகரிப்பு' என்பது தலைப்பாக ஓடியது. கணக்கு சரிதான். ஆனால் அது மோசமான 2023ஐ ஒப்பிட்டுச் சொன்ன சதவீதம். 2022ஐ வைத்துப் பார்த்தால் 6.79 என்பது குறைவு. 2019ஐ வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு லட்சம் டன் குறைவு. மீன் வரத்தில் 'போன ஆண்டைவிட' என்ற வார்த்தையைப் பார்த்தால், அந்தப் போன ஆண்டு எப்படி இருந்தது என்று கேட்டுவிட வேண்டும்.

முதலிடம் மாறுவதற்கு மீனவரின் திறமை மட்டும் காரணம் இல்லை, வானிலைக்கும் பங்கு உண்டு. 2019இல் அரபிக்கடலில் மட்டும் ஐந்து புயல்கள். கியார், மஹா இரண்டும் ஒரே சமயத்தில் கடலில் சுழன்றன. அந்த ஆண்டு மகாராஷ்டிராவில் இறங்கிய மீன் 2.01 லட்சம் டன். 45 ஆண்டுகளில் அங்கே அதுதான் குறைவு. மேற்குக் கரைப் படகுகள் கரையில் நின்ற ஆண்டில் கிழக்குக் கரை மேலே தெரிந்தது. ஓட்டப்பந்தயத்தில் பக்கத்தில் ஓடுபவர் தடுக்கி விழுந்தாலும் நமக்கு முதல் பரிசுதான்.

மொத்தத்தை விடுங்கள், மத்தியைப் பாருங்கள்

35 லட்சம் என்ற ஒற்றை எண்ணுக்குள் நூற்றுக்கணக்கான மீன் வகைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று இல்லாமல் போய், வேறொன்று அந்த இடத்தை நிரப்பினாலும் மொத்தம் மாறாது. குழம்பு வைக்கிறவருக்குத்தான் மாறும்.

இதற்கு மத்தியைவிட நல்ல உதாரணம் இல்லை. கடலூர் பக்கம் கவலை என்பார்கள். ஏழை வீட்டு மீன் என்று பெயர் வாங்கியது, எண்ணெய்ச் சத்து நிறைந்தது. 2012இல் நாடு உச்சம் தொட்டதற்கே மத்திதான் காரணம். அந்த ஆண்டு மத்தி மட்டும் 7 லட்சம் டன்னுக்கு மேல். கேரளாவில் மட்டும் ஏறத்தாழ 4 லட்சம் டன் இறங்கியது.

2021இல் கேரளாவில் இறங்கிய மத்தி எவ்வளவு தெரியுமா? 3,297 டன். லட்சம் இல்லை, வெறும் மூவாயிரத்துச் சொச்சம்.

மத்தி ஆயுள் குறைந்த மீன். கடல் நீரின் வெப்பம், மழை, மிதவை உயிரிகள் எல்லாம் ஒத்து வந்தால் கூட்டம் கூட்டமாகப் பெருகும். ஒன்று தப்பினாலும் சரியும். 2015-16 எல் நினோவின் தாக்கத்தை ஆய்வாளர்கள் முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். அதோடு குஞ்சு மீனையே அள்ளியதும் சேர்ந்துகொண்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டு, 2024இல் கேரளாவில் 1.49 லட்சம் டன் வந்தது. ஆனால் அந்த ஆண்டிலேயே ஒரு கட்டத்தில் கிலோ 350, 400 ரூபாய் வரை போன மத்தி, பிறகு 20, 30 ரூபாய்க்கு விழுந்தது. ஏன்? வலையில் நிறைய வந்தது, ஆனால் எல்லாம் பொடி சைஸ்.

டன் கணக்கில் அதையும் 'வரத்து' என்றுதான் எழுதுவார்கள். ஆனால் அந்தப் பொடி மத்தி சமையலறைக்குப் போகாது. மீன்தூள் ஆலைக்குப் போகும். அங்கிருந்து இறால் பண்ணைக்கும் கோழித் தீவனத்துக்கும் போகும். ஆறு மாதம் விட்டிருந்தால் பல மடங்கு எடையோடு, முட்டை போட்ட பிறகு கிடைத்திருக்க வேண்டிய மீன் அது.

இதைத் தடுக்கத்தான் கேரளா 58 வகை மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. மத்தி என்றால் 10 சென்டிமீட்டர், கானாங்கெளுத்தி என்றால் 14 சென்டிமீட்டர். அதற்குக் கீழே பிடித்தால் குற்றம். கடலில் மீனுக்கு மாநில எல்லை தெரியாது என்பதால், ஒரு மாநிலம் மட்டும் விதி போட்டால் பயன் பாதிதான்.

தமிழ்நாட்டில் சண்டை வேறு இடத்தில் நடக்கிறது. ஒரு கூட்டத்தையே வளைத்து அள்ளும் சுருக்குமடி வலைக்கு இங்கே 2000ஆம் ஆண்டிலேயே தடை. கடலூர், நாகை மாவட்டங்களில் அந்த வலையை நம்பிய ஊர்களுக்கும் எதிர்க்கும் ஊர்களுக்கும் இடையே பல ஆண்டுப் பகை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கரையில் இருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், வாரத்தில் திங்கள், வியாழன் மட்டும், காலை 8 முதல் மாலை 6 வரை பயன்படுத்தலாம் என்று இடைக்கால அனுமதி கொடுத்தது. போய் வரவே பெரும்பாலான நேரம் ஆகிவிடுமே என்பது ஒரு தரப்பின் புலம்பல். அள்ளிக்கொண்டு போய்விட்டால் நாட்டுப்படகுக்காரருக்கு என்ன மிஞ்சும் என்பது மறு தரப்பின் கேள்வி. இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது என்பதுதான் சிக்கல்.

ஏப்ரல் 15க்குப் பிறகு என்ன நடக்கும்?

கள்ளக்குறிச்சி கடைகளில் வரத்து குறைவதை எல்லோரும் உணர்வது இந்தக் காலத்தில்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2001இல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்தது. 2017 முதல் 61 நாட்கள் கடைப்பிடிக்கப்படுகிறது. நாட்டுப்படகும் பைபர் படகும் போகலாம். ஆனால் அவற்றின் மீன் கரையோர ஊர்களுக்கே சரியாகப் போய்விடும். 100 கிலோமீட்டர் தாண்டி உள்ளே வருவது குறைவு. வஞ்சிரம், சங்கரா போன்றவற்றின் விலை ஏறுவது இதனால்தான்.

அப்போது மேற்குக் கரை லோடு கைகொடுக்கும். ஆனால் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை அந்தப் பக்கமும் தடை; கேரள அரசின் 52 நாள் இழுவைப் படகுத் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கும். எனவே ஜூன் முதல் பாதியில் இரண்டு கரைத் தடையும் ஒன்றன் மேல் ஒன்று விழுகிறது. ஆண்டிலேயே நல்ல கடல் மீன் கிடைக்கக் கஷ்டமான நாட்கள் இவைதான்.

ஜூன் 15க்குப் பிறகு படகுகள் நிறைந்து வரும்; விலை சரியும். இதைப் பார்த்து 'கடலில் மீன் பெருகிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. இரண்டு மாதம் யாரும் அள்ளாததால் சேர்ந்த மீன் முதல் சில வாரங்களில் மொத்தமாக வருகிறது, அவ்வளவுதான்.

நாம் கொடுக்கும் காசில் படகுக்கு எவ்வளவு?

2019ஆம் ஆண்டுக் கணக்கு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. அந்த ஆண்டு நாட்டில் இறங்கிய மீனின் மதிப்பு, கரையில் ஏலம் போன விலைப்படி 60,881 கோடி ரூபாய். அதே மீன் சில்லறைக் கடையில் விற்ற விலைப்படி 92,356 கோடி. சராசரியாக கிலோவுக்குக் கரையில் 170 ரூபாய்க்குச் சற்று மேல். கடையில் 260க்குச் சற்றுக் கீழே.

நடுவில் இருக்கும் மூன்றில் ஒரு பங்கில்தான் ஏலக் கமிஷன், ஐஸ், வண்டி வாடகை, டீசல், வழியில் கெட்டுப்போகும் மீன், கடைக்காரரின் கூலி எல்லாம் அடங்கும். கடலில் இருந்து தூரம் கூடக்கூட இந்த நடுப்பங்கு பெரிதாகும். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி வெள்ளிமலைக்குப் போனால் இன்னும் கூடும். ஐஸ் பெட்டி எட்டாத மலைக் கிராமங்களுக்குக் கடல் போய்ச் சேருவது கருவாடாகத்தான். நெத்திலியும் வாளையும் காரப்பொடியும் ஒருமுறை வெயிலில் காய்ந்துவிட்டால் ஐஸும் வேண்டாம், அவசரமும் வேண்டாம்.

கோமுகி மீன் எந்தக் கணக்கில் வரும்?

கல்வராயன் மலை அடிவாரத்தில் 46 அடி உயர கோமுகி அணை 1965இல் கட்டப்பட்டது. இந்தப் பக்கம் 36 அடி உயர மணிமுக்தா அணை. மாவட்டம் முழுக்க ஏரிகள். இங்கே பிடிபடும் கட்லா, ரோகு, ஜிலேபி, விரால் எதுவும் மேலே சொன்ன 35 லட்சம் டன்னில் வராது. அது கடலுக்கு மட்டும். இது உள்நாட்டு மீன் கணக்கு.

உண்மையில் பெரிய மாற்றம் நடந்திருப்பது இந்தப் பக்கம்தான். 1950-51இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தி 7.52 லட்சம் டன். அதில் கடல் 5.34 லட்சம், உள்நாடு 2.18 லட்சம். 2022-23இல் மொத்தம் 175.45 லட்சம் டன். அதில் உள்நாடு மட்டும் 131.13 லட்சம். நாட்டில் இப்போது நாலு கிலோ மீன் என்றால் மூன்று கிலோ குளத்து மீன், ஆற்று மீன், பண்ணை மீன்.

இதற்கு வழி திறந்தது 1957 ஜூலை 10. கட்லா, ரோகு வகைக் கெண்டைகள் தேங்கிய தண்ணீரில் முட்டையிடாது; வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌத்ரி, அலிக்குஞ்ஞி என்ற இரண்டு விஞ்ஞானிகள் ஊசி மூலம் ஹார்மோன் செலுத்தி அவற்றை முட்டையிட வைத்தார்கள். ஆற்றில் குஞ்சு தேடி அலைவது போய், தொட்டியில் குஞ்சு பொரிக்கும் காலம் வந்தது. இன்று ஏரிகளில் விடப்படும் மீன்குஞ்சு அந்த ஊசியின் வாரிசுதான்.

ஆனால் ஏரி மீனுக்கு ஏரியில் தண்ணீர் வேண்டும். ஏரியைக் குத்தகைக்கு எடுத்துக் குஞ்சு விட்டவருக்கு, மழை தப்பினால் முதலே போய்விடும். கோடையில் ஏரி வற்றியதும் ஊரே இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துவதைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அன்று கூடையில் அள்ளிப்போகும் மீனை யாரும் எடை போடுவது இல்லை. கடல் வரத்துக்கு இருப்பது போல, இறங்குதளத்தில் ஆள் நின்று எடுக்கும் கணக்கு ஏரிக்கு இல்லை. உள்நாட்டு எண்களைப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

மலையும் கடலும் வேறு வேறா?

இல்லை. கல்வராயன் மலையில் பெய்யும் மழைதான் கோமுகியிலும் மணிமுக்தாவிலும் ஓடுகிறது. மணிமுக்தா ஆறு விருத்தாசலம் வழியாகப் போய் வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலில் கலக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருப்பதும் அங்கேதான்.

ஆறும் கடலும் கலக்கும் முகத்துவாரம்தான் இறால் குஞ்சுகளுக்கும் பல வகை மீன்குஞ்சுகளுக்கும் தொட்டில். உப்பும் நன்னீரும் கலந்த அந்தத் தண்ணீரில், ஆறு அடித்து வரும் சத்தைத் தின்று ஒரு பருவம் வளர்ந்த பிறகுதான் அவை கடலுக்குத் திரும்பும். நன்னீர் வராவிட்டால் முகத்துவாரத்தில் உப்பு ஏறும். மணல் மேடிட்டு வாய் அடைபட்டால் குஞ்சு உள்ளே வரவே முடியாது. படகு போகும் வழியும் சேர்ந்து அடைபடும்.

வெள்ளிமலைப் பக்கம் பெய்த மழையில் ஒரு பங்கு இப்படிப் பரங்கிப்பேட்டை வரை போய்ச் சேர்கிறது. அங்கே வளர்ந்த இறால் கடலூரில் ஏலம் போய், ஐஸ் பெட்டியில் உளுந்தூர்பேட்டை வழியாகத் திரும்பி வருகிறது.